முதுகில் ஒன்றா, இரண்டா?



நாலு வருஷம் காலாப்பட்டில் அலைச்சத்தம் கேட்டே தூங்கியவன் நான். அந்தக் கடலுக்குள் இறங்க மட்டும், வேலைக்குப் போய்ச் சம்பளம் வாங்க வேண்டியிருந்தது. இப்போது ஸ்கூபா பழகும் தம்பிகள் கேட்பது ஒரே கேள்வி: "அண்ணே, ஒரு சிலிண்டர் போதுமா, ரெட்டையா மாட்டலாமா?"

பள்ளிக்கூடத்துப் பாயில் விதி போதும். வழக்கமான அலுமினிய சிலிண்டர் 11 லிட்டர். 200 பார் வரை காற்று அடைப்பார்கள். கடைசி 50 பாரைத் தொடாமல் விட்டால் கைக்கு வருவது 1,650 லிட்டர். கரையில் நிமிடத்துக்கு 20 லிட்டர் சுவாசிப்பவனுக்கு, 30 மீட்டர் ஆழத்தில் அழுத்தம் நாலு மடங்கு. செலவு 80 லிட்டர். ஆக, 20 நிமிடம். வழியில் நிற்காமல் மேலே வர அட்டவணை அந்த ஆழத்துக்குத் தரும் நேரமும் சுமார் 20 நிமிடம்தான்! அதை மீறினால் உடம்பில் கரைந்த நைட்ரஜன், சோடா பாட்டிலைத் திறந்த மாதிரி குமிழி விடும்.

ஒற்றை சிலிண்டரில் காற்று குறைவதே நமக்கு மணியடிக்கிறது. இரட்டையில் அந்த மணி அடிப்பதில்லை.

பட்டவன் சொல்கிறேன். முதல்முறை இரட்டை மாட்டி 30 மீட்டரில் இருந்தேன். மானியில் பாதிக் காற்று. 'இன்னும் எவ்வளவோ இருக்கே' என்று சுற்றினேன். மணிக்கட்டுக் கம்ப்யூட்டரைப் பார்த்தபோது 28 நிமிடம். 3 மீட்டரில் 8 நிமிடம் நின்றுவிட்டுத்தான் மேலே வரலாம் என்றது. தலைக்கு மேல் படகு தெரிகிறது, போக முடியாது. நீரோட்டம் இழுக்க, கயிற்றைப் பிடித்துத் தொங்கினேன். அம்மா முகமெல்லாம் வந்துபோனது. இலங்கையின் வடக்கே கடலட்டை எடுக்க, சிலிண்டர் மாற்றி சிலிண்டர் இறங்கிக் கைகால் முடங்கியவர்கள் உண்டு.

இரட்டையின் நிஜ லாபம் வேறு. இரண்டு ரெகுலேட்டர், நடுவில் பிரித்து மூடும் வால்வு. ஒன்று பழுதானால் மற்றது கைகொடுக்கும். ஆனால் பிடரிக்குப் பின்னால் கைவிட்டு, பார்க்காமலே சரியான வால்வைத் திருகத் தெரிய வேண்டும். அது தெரியாதவனுக்குப் பாரம்தான் மிச்சம்.

18 மீட்டரில் ஒற்றையே அரைமணிக்குப் பக்கம் வரும். அட்டவணை எல்லை அதற்கும் வெகு அப்பால். ஆகவே தம்பிகளா, ஒற்றையோடு இறங்குங்கள். கூட வரும் ஜோடியை விட்டு விலகாதீர்கள், உங்கள் இரண்டாவது சிலிண்டர் அவர் முதுகில்தான் இருக்கிறது. மறுபடி இறங்க ஆசையா? ஒரு மணி நேரம் படகில் உட்கார்ந்து, சிலிண்டரை மாற்றிக்கொள்ளுங்கள்.

இரட்டை செட் 30 கிலோவுக்கு மேல். ஆடுகிற ஃபைபர் படகில் அதை மாட்டும் கதையைச் சாப்பாட்டுப் பந்தியில் சொல்கிறேன்.