சித்தியோட மாத்திரையும் ஆத்து மீனும்

போன ஞாயித்துக்கிழமை அருள்புரத்துல சித்தி வீட்டுல மீன் குழம்பு. சித்தி மார்பகப் புற்றுநோய்க்கு ஆபரேஷன் ஆனவங்க. தினமும் 20 மில்லிகிராம் டமாக்சிஃபென் போடுறாங்க. சாப்பிடும்போது கேட்டாங்க: “ஏங்கண்ணு, நான் முழுங்குற மாத்திரை கடைசில ஆத்துக்குத்தான போகுது? மீனுக்குள்ளயும் இருக்குமா?”

நியாயமான கேள்வி. திருப்பூர்னா நமக்குச் சாயத்தண்ணிதான் ஞாபகம் வரும். 2011 ஜனவரியில சென்னை உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னதும் அதுக்காகத்தான். அருள்புரத்துல இருக்கிற பொதுச் சுத்திகரிப்பு நிலையமும் பட்டறைத் தண்ணிக்குத்தான். வீட்டுக் கழிவறைத் தண்ணி வேற வழியில போகுது. சாயம் கண்ணுக்குத் தெரியும், மருந்து தெரியாது. நொய்யல் போய்ச் சேர்ற காவிரியில சென்னை ஐஐடி ஆய்வாளர்கள் தேடினப்போ வலி மாத்திரை, பிரஷர் மாத்திரை, ஆன்டிபயாடிக் எல்லாம் தண்ணியில இருந்தது.

சரி, மீனுக்குள்ள எப்படித் தேடுறது? சதையையும் ஈரலையும் தனித்தனியா அரைச்சு, ஒரு கரைப்பான்ல மருந்தைப் பிரிச்சு எடுக்கணும். கூடவே வர்ற கொழுப்பை நீக்கணும். அப்புறம் மாஸ் ஸ்பெக்ட்ரோமீட்டர். அது மூலக்கூறை எடை போடும், உடைக்கும், உடைஞ்ச துண்டையும் எடை போடும். ரெண்டும் பொருந்தினாதான் ‘இருக்கு’ன்னு சொல்லலாம். எல்லா மருந்தும் உடம்புல தங்காது. சைக்ளோபாஸ்பமைடு தண்ணியோட போயிடும். டமாக்சிஃபென் கொழுப்போட ஒட்டிக்கிற ரகம், அதனால மீன்ல சேர வாய்ப்பு அதிகம்.

இப்ப ஒரு கணக்கு. ஒரு கிராம் மீன்ல 1 நானோகிராம் இருக்குன்னு வெச்சுக்குவோம். கால் கிலோ சாப்பிட்டா 250 நானோகிராம். சித்தியோட ஒரே ஒரு மாத்திரை அளவுக்கு வரணும்னா 80,000 தடவை சாப்பிடணும். ‘இருக்கு’ங்கிறதும் ‘ஆபத்து’ங்கிறதும் ஒண்ணு இல்ல.

ஆனா மீன் அந்தத் தண்ணியிலேயே பொறந்து, அதுலயே முட்டை போடுது. டமாக்சிஃபென் வேலை செய்யுறது ஈஸ்ட்ரோஜன் ஏற்பியில. அந்த ஏற்பி மீனுக்கும் உண்டு. அதனால பரிசோதனை முதல்ல மீனுக்காக வேணும்.

சித்திகிட்ட இதைச் சொன்னேன். “அப்ப நான் மாத்திரைய விட்டுடட்டுமா?”ன்னாங்க. பதறிட்டேன். “ஐயோ சித்தி, ஒரு நாள்கூட விடாதீங்க. ஆத்தைக் காப்பாத்துறது உங்க வேலை இல்ல, கழிவுநீரைச் சுத்தம் பண்றவங்க வேலை”ன்னேன்.

நம்ம பங்குக்கு ஒண்ணு செய்யலாம்: மிச்சமான மாத்திரையைக் கழிவறையில கொட்டாதீங்க. புற்றுநோய் மருந்துன்னா ஆஸ்பத்திரியிலயே கேட்டுத் திருப்பிக் கொடுங்க. அடுத்த எபிசோட்ல பார்ப்போம்.