பலகையும் பிணைப்பும்
(சங்க ஆண்டு விழாவில் நிகழ்த்திய உரை)



இரயில்வே குமாஸ்தாவுக்குப் படகைப் பற்றி என்ன தெரியும் என்று தாங்கள் எண்ணக்கூடும். என் தந்தையார் கடலூருக்கு அருகில் படகு கட்டிய தச்சர். அந்த உரிமை ஒன்றினாலேயே பேசத் துணிந்தேன்.

சென்னைக்குத் துறைமுகம் அமையுமுன் கப்பல்கள் கரைக்கு அப்பால் நங்கூரமிட்டு நிற்கும். ஆட்களையும் சரக்கையும் கரை சேர்த்தவை மசூலாப் படகுகள். நீளம் 30 முதல் 35 அடி. அவற்றில் ஆணி இல்லை, விலாச்சட்டமும் இல்லை. மாம்பலகைகளின் ஓரத்தில் துளையிட்டு, இணைப்பின்மேல் நார் வைத்து அழுத்தி, தென்னங்கயிற்றால் தைத்தனர். அலை மோதினால் அப்படகு வளைந்து கொடுக்கும். விறைப்பாக ஆணியடித்த ஐரோப்பியப் படகோ அவ்வலையில் உடைந்துபோகும்.

துறைமுகம் வந்தது, அலையைக் கடக்கும் தேவை குறைந்தது. கயிறோ இற்றுப்போகும், அடிக்கடி பிரித்துத் தைக்க வேண்டும். ஆகவே ஆணியும் விலாச்சட்டமும் மேலோங்கின. ஆணிக்கு ஏற்ற மரம் தேக்கு. அதன் எண்ணெய் இரும்பைத் துருவினின்று ஓரளவு காக்கும். ஆனால் அதே எண்ணெய் பசை பற்றுவதைத் தடுக்கும்! 1980-களில் குமரி மாவட்டத்து முட்டத்தில் பிளைவுட் படகுகள் கட்டினர். அங்கே பலகையும் புதிது. அதனைப் பிணைத்த பிசினும் கண்ணாடியிழையும் புதியவை.

மரம் மாறினால் பிணைப்பும் மாறவேண்டும் என்பதே இதன் சாரம். நம் இரயில்வேயிலும் இதைக் கண்டோம். மரச் சிலிப்பர் கட்டையில் தண்டவாளத்தை ஆணியடித்துப் பொருத்தினோம். காங்கிரீட் கட்டையில் ஆணி இறங்குமா? எஃகுக் கிளிப் வந்தது.

2004-ஆம் ஆண்டு டிசம்பர் 26 அன்று ஆழிப்பேரலை எங்கள் கரையின் படகுகளை வாரிச் சென்றது. பின்னர் வந்தவை பெரும்பாலும் கண்ணாடியிழைப் படகுகள். இலேசானவை, ஆண்டுதோறும் எண்ணெய் பூச வேண்டியதில்லை. மீனவரைக் குறை கூற இயலாது. தந்தையார் உளிகளைத் துடைத்துப் பெட்டியில் வைத்தார். எனக்கு அப்போது வயது 23. அவர் தொழிலைப் பற்றி ஒருநாளும் அவரிடம் கேட்டேனில்லை. இன்று அவர் இல்லை. பெட்டி இங்கே, மோதி பாக்கில், என் கட்டிலின் கீழ் இருக்கிறது. அதிலுள்ள கருவிகளுள் பாதிக்கு எனக்குப் பெயர் தெரியாது.

2025-ஆம் ஆண்டு மே 21 அன்று கார்வாரில் நம் கடற்படையில் சேர்ந்த 'கௌண்டின்யா' கயிற்றால் தைக்கப்பெற்ற பாய்மரக் கப்பல். அதன் உருவத்துக்கு அஜந்தா ஓவியம் வழிகாட்டியது. தையலை ஓவியம் கற்பிக்க இயலுமா? கேரளத்துக் கைவினைஞர் பாபு சங்கரன் தலைமையில் அதனைத் தைத்தனர். ஏட்டில் இல்லாதது அவர்கள் கையில் இருந்தது.

பிள்ளைகளே! விடுமுறையில் ஊருக்குச் செல்லும்போது உங்கள் தாத்தா பாட்டி அருகில் அமர்ந்து அவர்கள் செய்த தொழிலைக் கேளுங்கள். கருவிகளின் பெயர்களையேனும் எழுதி வாருங்கள். அடுத்த ஆண்டு மலரில் அவற்றை அச்சிடுவோம். நான் தவறவிட்டதை நீங்கள் தவறவிட வேண்டாம்.