நாண் இழுக்கும் அளவு



வில்வித்தை பயில வரும் இளைஞர் இலக்கையே பார்க்கின்றனர். மரபறிந்த ஆசானோ நாணை இழுக்கும் கையைப் பார்க்கின்றார். துருக்கிய வில்லாளர் பெருவிரலில் வளையம் அணிந்து நாணை இழுப்பர். அக்கை ஒவ்வொரு முறையும் ஒரே இடத்தில் வந்து நிற்க வேண்டும். சிலருக்குக் காதுச் சோணை, சிலருக்குத் தாடையோரம். எந்த இடம் என்பதைவிட அது மாறாதிருப்பதே முக்கியம். ஒரு விரற்கடை குறைந்தாலும் விசை குறைந்து அம்பு தாழ்ந்து விழும். எவ்வளவு கூர்ந்து நோக்கினும் இப்பிழை நீங்காது.

பெற்றோரே! பிள்ளையின் வலுவுக்கு மீறிய வில்லை வாங்கிக் கொடுக்காதீர்கள். பாரமான வில்லை ஏந்துவது வீரமன்று. களைத்த கை தன்னையறியாமலே முன்னே நழுவும். ஒவ்வோர் அம்பும் வெவ்வேறு அளவில் புறப்படும். அப்பழக்கம் ஊறிவிட்டால் திருத்துவது கடினம். இலகுவான வில், அண்மையான இலக்கு, சில அம்புகள். ஆனால் தவறாத பயிற்சி. ஆரம்பத்திற்கு இதுவே போதும்.

உக்பா இப்னு ஆமிர் (ரழி) அவர்கள் முதுமையிலும் இரு இலக்குகளுக்கிடையே சென்று வந்து அம்பெய்து பழகியதாக ஸஹீஹ் முஸ்லிமில் பதிவாகியுள்ளது. இந்த வயதில் இது சிரமமாயிற்றே என ஒருவர் வினவினார். கற்ற அம்பெய்தலைக் கைவிடுவதை நபி (ஸல்) அவர்கள் கண்டித்ததைத் தாம் செவியுற்றதையே அவர்கள் காரணமாகக் கூறினார்கள்.