சப்மிட் வரைதான் எடிட்!



இன்னைக்கு ஒரே ஒரு ஆங்கிலச் சொல்லைப் பற்றிப் பேசலாம். 'எடிட்'. "போட்டோவை எடிட் பண்ணு", "மெசேஜை எடிட் பண்ணிட்டேன்" என்று தினமும் சொல்கிறோம்.

லத்தீனில் 'வெளியே கொடு' என்று பொருள்படும் ஒரு சொல்தான் இதற்கு வேர். ஆங்கிலத்தில் முதலில் வந்தது 'எடிட்டர்'. அதிலிருந்துதான் 'எடிட்' என்ற வினைச்சொல் பிறந்தது. ஒன்றை வெளியே அனுப்பும் முன் சரிபார்த்துச் செம்மைப்படுத்துவது என்று பொருள். சினிமாவில் படத்தொகுப்பும் அப்படித்தானே? தியேட்டருக்கு வரும் முன்பே முடிகிற வேலை.

ஆன்லைன் விண்ணப்பத்திலும் இதே கணக்குதான். 'சப்மிட்' கொடுக்கும் வரை பெயர், இனிஷியல், பிறந்த தேதி என எதையும் எடிட் பண்ணலாம். விவரம் பதிவேட்டில் ஏறிவிட்டால், பிறகு அது 'கரெக்‌ஷன்', அதாவது திருத்தம். அதற்குத் தனியாக விண்ணப்பிக்கணும், ஆதாரமும் காட்டணும்.

வாக்காளர் பட்டியலில் உங்கள் விவரம் தப்பாக இருந்தால் படிவம் 8. ஆதாரில் பெயரைப் பொதுவாக வாழ்நாளில் இரண்டு முறைதான் மாற்றலாம். பிறந்த தேதியை ஒரே முறைதான். பிறப்புப் பதிவேட்டில் இன்னும் கண்டிப்பு. பிறப்பு, இறப்புப் பதிவுச் சட்டம், 1969-இன்படி பழைய பதிவை அழிக்கவே மாட்டாங்க. ஓரத்தில் திருத்தத்தை எழுதி, கையெழுத்தும் தேதியும் போடுவாங்க.

'அப்டேட்' என்பது வேறு. அன்றைக்குச் சரியாக இருந்த விவரம் இப்போது மாறியிருந்தால் அப்டேட். வீடு மாறியதும் புது முகவரி கொடுப்பது போல. முதலிலேயே தவறாகப் பதிவாகியிருந்தால் கரெக்‌ஷன்.

ஒரு முக்கியமான எச்சரிக்கை. சான்றிதழை ஸ்கேன் செய்து, போட்டோ எடிட்டிங் ஆப்பில் ஓர் எழுத்தையோ தேதியையோ மாற்றி அப்லோட் பண்ணாதீங்க. "ஒரு எழுத்துதானே" என்று யாராவது செய்து தர முன்வந்தாலும் வேண்டாம். அது போலி ஆவணம், குற்றம். உண்மையான தவறைத் திருத்த முறையான வழி இருக்கும்போது, சிக்கலை ஏன் விலைக்கு வாங்கணும்?

அதனால், சப்மிட் கொடுப்பதற்கு முன் 'பிரிவியூ'வைத் திறந்து, சான்றிதழைப் பக்கத்தில் வைத்து எழுத்து எழுத்தாக ஒப்பிட்டுப் பாருங்க. வேறொருவர் உங்களுக்காக டைப் செய்தாலும், திரையை ஒருமுறை நீங்களே படியுங்க. ஒப்புகை எண்ணைக் குறித்து வையுங்க.

அந்த இரண்டு நிமிடம், பின்னால் வரும் அலைச்சலைத் தவிர்க்கும்.