மறுப்புக்கு ஓர் இருக்கை: கல்லீரல் மாற்று மருத்துவத்தில் குழுவும் தலைமையும்



கல்லீரல் மாற்று அறுவை சிகிச்சை ஒன்று நல்லபடியாக முடிந்தால் பத்திரிகையில் வரும் புகைப்படம் பெரும்பாலும் ஒரே மாதிரிதான் இருக்கும். நோயாளியின் பக்கத்தில் தலைமை அறுவை மருத்துவர் நிற்பார். பின்னால் மயக்கவியல் நிபுணர், கல்லீரல் நோய் மருத்துவர், செவிலியர், ஒருங்கிணைப்பாளர் என்று ஒரு வரிசை. செய்தியில் அவர்களை ‘குழுவினர்’ என்று ஒரே சொல்லில் முடித்துவிடுவார்கள். அந்தப் பின்வரிசையைப் பற்றியதுதான் இன்றைய உரை. ஒரு மருத்துவமனையில் எத்தனை துறை நிபுணர்கள் இருக்கிறார்கள் என்பது பெரிய செய்தியல்ல. விளம்பரப் பலகையில் எல்லா மருத்துவமனைகளும் அந்தப் பட்டியலைப் போட்டுக்கொள்கின்றன. ‘இந்த நோயாளிக்கு இப்போது வேண்டாம்’ என்று அவர்களில் ஒருவர் சொன்னால் அறுவை நிற்குமா? சொன்னவருக்கு அடுத்த மாதமும் அந்த அறையில் நாற்காலி இருக்குமா? கல்லீரல் மாற்று மருத்துவத்தில் தலைமை என்பதில் பெரும்பகுதி, அந்த மறுப்புக்கு இடம் வைத்திருக்கும் வேலைதான் என்பது என் வாதம்.

1963 மார்ச் 1 அன்று அமெரிக்காவின் டென்வர் நகரில் தாமஸ் ஸ்டார்ஸ்ல், மனிதருக்குக் கல்லீரலை மாற்றும் முதல் முயற்சியைச் செய்தார். நோயாளி மூன்று வயதுச் சிறுவன். ரத்தப்போக்கை அடக்க முடியாமல் அறுவை மேசையிலேயே இறந்தான். அடுத்து வந்த நோயாளிகளும் சில நாட்களில், மிஞ்சிப்போனால் மூன்று வாரச் சொச்சத்தில் இறந்தார்கள். பிறகு ஸ்டார்ஸ்ல் தாமாகவே நிறுத்திக்கொண்டார். 1967-இல்தான் மறுபடி தொடங்கினார். அவருடைய கை சோடை போனது என்று யாரும் சொல்ல முடியாது. நாய்களில் பலமுறை செய்து பழகிய கை அது. சிக்கல் கத்திக்கு வெளியே இருந்தது. கல்லீரல் கெட்டவருக்கு ரத்தம் உறையும் ஒழுங்கே கெட்டுப்போகிறது. உறைய வைக்க முனைந்தால் வேறோரிடத்தில் கட்டியாகி நுரையீரலில் போய் அடைக்கிறது. அதைத் தாண்டினால் உடல் புதிய உறுப்பை ஏற்க மறுக்கிறது. இடைவெளி விட்ட அந்த ஆண்டுகளில் ரத்த உறைவியலாரும் நோயெதிர்ப்பியலாரும் செய்த வேலைதான் 1967-ஐச் சாத்தியமாக்கியது. இந்தச் சிகிச்சையின் வரலாற்றில் எனக்கு மிகப் பெரிதாகப் படுவது அந்த முதல் அறுவையைவிட அதற்குப் பிந்தைய நிறுத்தம்தான்.

இன்று நிலைமை வேறு என்பீர்கள். மருந்துகள் மாறிவிட்டன, சிக்கலின் வடிவம் மாறவில்லை. கல்லீரல் சுருங்கிப்போன ஒருவருக்கு வயிற்றில் நீர் கட்டுகிறது, சிறுநீரகம் தளர்கிறது, தசை கரைகிறது, அம்மோனியா ஏறி நினைவு தடுமாறுகிறது. இதில் எது யாருடைய நோய் என்று பிரித்துக் கொடுக்க முடியாது. புற்றுநோயும் சேர்ந்திருந்தால் ஸ்கேனைப் படிப்பவர்தான் முதல் நீதிபதி. 1996-இல் மிலான் நகரத்து மசாஃபெரோ குழு வெளியிட்ட ஆய்வு இதற்கு நல்ல சான்று. அதற்கு முன் கல்லீரல் புற்றுக்கு மாற்றுச் சிகிச்சை செய்வது ஏறக்குறைய கைவிடப்பட்ட காரியம். புற்று திரும்பத் திரும்ப வந்தது. மிலான் குழு ஒரு கோடு கிழித்தது. ஒரே கட்டி என்றால் 5 செ.மீ.க்குள், இரண்டு மூன்று என்றால் ஒவ்வொன்றும் 3 செ.மீ.க்குள், ரத்தக் குழாய்க்குள் பரவியிருக்கக் கூடாது. அப்படித் தேர்ந்த 48 பேரில் நான்கு ஆண்டு உயிர்வாழ்வு 75 விழுக்காடு. அறுவை அதே அறுவைதான். யாருக்குச் செய்யக் கூடாது என்று முடிவெடுத்ததில்தான் முன்னேற்றம் வந்தது.

இதைவிட நேரடியான சான்று 2011-இல் பிரான்சிலிருந்தும் பெல்ஜியத்திலிருந்தும் வந்தது. குடிநோயால் கல்லீரல் கடுமையாக வீங்கி, ஸ்டீராய்டு மருந்துக்கும் மசியாதவர்களுக்கு ஆறு மாதம் குடிக்காமல் இருந்து காட்டினால்தான் மாற்று என்பது உலகமெங்கும் இருந்த வழக்கம். அவர்களில் பெரும்பாலோர் ஆறு மாதம் உயிரோடு இருப்பதே இல்லை. மாத்தூரின் என்ற மருத்துவரின் தலைமையில் ஏழு மையங்கள் அந்த விதியை மீறிப் பார்த்தன. ஆனால் கதவைத் திறந்த விதம் கவனிக்கத்தக்கது. நோயாளியை அன்றாடம் பார்க்கும் செவிலியரும் இளநிலை மருத்துவர்களும் ஒரு வட்டம், குடிநோய் நிபுணர் ஒரு வட்டம், மூத்த கல்லீரல் மருத்துவர்கள் ஒரு வட்டம், அறுவை மருத்துவரும் மயக்கவியலாரும் ஒரு வட்டம். எல்லோரும் ஒப்பினால்தான் மாற்று. ஒருவர் தலையசைக்க மறுத்தாலும் இல்லை. 26 பேருக்குச் செய்தார்கள். ஆறு மாத உயிர்வாழ்வு 77 விழுக்காடு. ஒப்பீட்டுக்கு எடுத்துக்கொண்ட, மாற்றுப் பெறாதவர்களில் 23 விழுக்காடு. பின்னாளில் குடிக்குத் திரும்பியவர்கள் மூவர். குடிகாரருக்கு எதற்குக் கல்லீரல் என்று கேட்கும் சமூகத்துக்கு முன்னால் இந்த முடிவை நிற்க வைத்தது அந்த நான்கு வட்டத் தேர்வுதான். செவிலியரின் ஒரு சொல்லுக்குப் பேராசிரியரின் சொல்லுக்கு ஈடான எடை இருந்தது. நம் ஊரில் இரவு இரண்டு மணிக்கு நோயாளியின் தலையணைக்கடியில் பாட்டில் இருப்பதைப் பார்ப்பவர் யார், மனைவி தனியாக அழுவதைக் கேட்பவர் யார் என்று எண்ணிப் பார்த்தால் அந்த ஏற்பாட்டின் நியாயம் புரியும்.

இனி எதிர்ப்பக்கச் சான்று. 2002 ஜனவரியில் நியூயார்க்கின் பெரிய மருத்துவமனை ஒன்றில் ஒருவர் தம் சகோதரருக்குக் கல்லீரலின் ஒரு பகுதியைக் கொடுத்தார். அறுவை சரியாகவே முடிந்தது. மூன்றாம் நாள் கொடையாளர் வார்டில் இறந்தார். மாநில சுகாதாரத் துறை விசாரித்தபோது, அந்தப் பிரிவில் 34 நோயாளிகளை முதலாண்டுப் பயிற்சி மருத்துவர் ஒருவர் தனியாகப் பார்த்துக்கொண்டிருந்தது தெரிந்தது. உலகத்தரமான கைகள் மேசையருகே இருந்தன. கொடையாளர் மோசமாவதைப் பார்த்து மணியடிக்க வார்டில் போதிய ஆள் இல்லை. பிரிஸ்டல் நகரத்துக் குழந்தை இதய அறுவைப் பிரிவின் கதை இன்னும் கசப்பானது. அங்கே ஆள் இருந்தார். மயக்கவியல் மருத்துவர் ஒருவர் இறப்புக் கணக்கைக் காட்டி ஆண்டுக்கணக்கில் எச்சரித்துக்கொண்டிருந்தார். கேட்கத்தான் யாருமில்லை. 2001-இல் வெளியான விசாரணை அறிக்கை, 1991-க்கும் 1995-க்கும் இடையில் எதிர்பார்க்கத்தக்க அளவைவிட 30 முதல் 35 குழந்தைகள் கூடுதலாக இறந்ததாகக் கணக்கிட்டது. இதயமும் கல்லீரலும் வேறுதான். மேலதிகாரியின் முகம் சுளிப்பதற்கு அஞ்சும் பழக்கம் ஒன்றுதான்.

இந்த வாதத்துக்கு வலுவான மறுப்பு ஒன்று உண்டு, அதுவும் கல்லீரல் மாற்றின் வரலாற்றிலிருந்தே. 1968-இல் ராய் கால்ன் கேம்பிரிட்ஜில் தம் முதல் கல்லீரல் மாற்றைச் செய்யுமுன் சக மருத்துவர்களைக் கூட்டிக் கேட்டார். அவர்கள் வேண்டாமென்றார்கள். தற்செயலாக ஊருக்கு வந்திருந்த பாஸ்டன் அறுவை மருத்துவர் ஃபிரான்சிஸ் மூர் செய்யத்தான் வேண்டும் என்று சொல்ல, கால்ன் செய்தார். மூர் உடன் நின்றார். கூட்டத்தின் மறுப்பு வென்றிருந்தால் ஐரோப்பாவில் இந்தச் சிகிச்சை இன்னும் தள்ளிப்போயிருக்கும். கூட்டு முடிவு எப்போதும் கோழைத்தனமான முடிவு என்பார்கள் இதைக் காட்டி. நான் இந்த மறுப்பைத் தள்ளிவிடவில்லை. முதல் முறை செய்யும் காரியத்துக்கும் நூறாவது முறை செய்யும் காரியத்துக்கும் ஒரே விதி பொருந்தாது. ஆனால் அந்த ஒரு நாளோடு கதை முடியவில்லை. அறுவையில் பிழைத்தவர்களும் அடுத்த மாதங்களில் தொற்றாலும் நிராகரிப்பாலும் இறந்துகொண்டிருந்தார்கள். இலண்டன் கிங்ஸ் கல்லூரி மருத்துவமனையின் கல்லீரல் மருத்துவர் ரோஜர் வில்லியம்ஸோடு கால்ன் கைகோத்த பிறகுதான், யாருக்கு எப்போது செய்வது, பிறகு எப்படிக் காப்பது என்பதெல்லாம் ஒரு திட்டமாக உருக்கொண்டது. துணிச்சல் தொடங்கி வைத்தது. நடத்திக்கொண்டு போனது கூட்டணி.

அவசர நேரத்தில் கூட்டம் போட்டுக்கொண்டிருக்க முடியுமா என்பது அடுத்த கேள்வி. தமிழ்நாட்டில் இதற்கு எலி பேஸ்ட்டைவிடப் பொருத்தமான சோதனை கிடைக்காது. மஞ்சள் பாஸ்பரஸ் கலந்த அந்தப் பசையை வீட்டுச் சண்டையின் கோபத்தில் விழுங்கிவிட்டு வரும் இளவயதினரை நம் மாவட்ட மருத்துவமனைகள் நன்றாக அறியும். முதல் நாள் வாந்தி. அடுத்த ஓரிரு நாட்கள் ஒன்றுமில்லாததுபோல் இருப்பார்கள், வீட்டுக்குப் போகலாமா என்றுகூடக் கேட்பார்கள். அதன்பிறகு காமாலை ஏறும், ரத்தம் உறைவது தாமதமாகும், நினைவு தப்பும். அப்போது மாற்றா, காத்திருப்பா என்பதை மணிக்கணக்கில் முடிவு செய்ய வேண்டும். வேலூர் சி.எம்.சி. மருத்துவர்கள் பிளாஸ்மா மாற்றும் முறையை இந்த நோயாளிகளில் பயன்படுத்தி எழுதியிருக்கிறார்கள். மாற்று இல்லாமலே மீள்பவர்கள் உண்டு. ஆகவே ரத்த வங்கி மருத்துவர் சொல்வது முக்கியம். விஷத்தை ஏன் குடித்தார், மறுபடி குடிப்பாரா என்று மனநல மருத்துவர் சொல்வது முக்கியம். வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருக்கும் அண்ணனோ மனைவியோ 24 மணி நேரத்துக்குள் தன் கல்லீரலில் பாதிக்குமேல் கொடுக்கச் சம்மதிக்க வேண்டியிருக்கிறது. அவருக்காக மட்டும் பேச, நோயாளியின் மருத்துவர் அல்லாத வேறொருவர் வேண்டும். அவசரம் என்பது இவர்களைக் கேட்காமல் விடுவதற்குக் காரணமாகாது. கூட்டம் நீள வேண்டியதில்லை. நள்ளிரவில் நான்கு தொலைபேசி அழைப்புகள் போதும். யார் யாரைக் கேட்டே ஆக வேண்டும் என்பது மட்டும் அந்த இரவுக்கு முன்பே எழுதி வைக்கப்பட்டிருக்க வேண்டும்.

பத்துப் பேர் முடிவு செய்தால் பொறுப்பு யாருக்கும் இல்லாமல் போகும் என்றும் சொல்வார்கள். உண்மைதான், தலைவர் இல்லாவிட்டால். நான் கேட்பது தலைவரை நீக்குவதல்ல, அவர் வேலையை மாற்றுவது. முடிவின் கீழ் கையெழுத்து அவருடையதே. ஆனால் அறையில் அவர் கடைசியாகப் பேச வேண்டும். நம் மருத்துவக் கல்லூரிகளில் யூனிட் சீஃப் முதலில் வாயைத் திறந்தால் அதோடு விவாதம் முடிந்தது. மற்றவர்கள் ‘எஸ் சார்’ சொல்லிக் கோப்பை மூடுவார்கள். உணவியல் நிபுணரிடம் ‘உங்களுக்கு ஏதும் உண்டா’ என்று கேட்பது எழுந்து போகும்போதுதான். தசை கரைந்த நோயாளிக்கு மூன்று வாரம் உணவு ஏற்றிவிட்டு மேசைக்குக் கொண்டுபோகலாம் என்று அவர் சொல்ல நினைத்திருக்கக்கூடும். மாறுபட்ட கருத்து கூட்டக் குறிப்பில் பெயரோடு பதிய வேண்டும். பதிவான மறுப்பைத் தலைவர் மீறலாம். ஏன் மீறினார் என்று எழுதிவிட்டு மீறட்டும். அப்போது பொறுப்பு கரையாது, இன்னும் கூர்மையாகும்.

இதெல்லாம் நமக்கு அந்நியமான சிந்தனை அல்ல. 1994-ஆம் ஆண்டின் மனித உறுப்பு மாற்றுச் சட்டம் மூளைச்சாவை உறுதிசெய்ய நான்கு மருத்துவர்களைக் கேட்கிறது. சோதனை இரண்டு முறை, இடையில் ஆறு மணி நேரம். உறுப்பை எடுக்கும் குழுவைச் சேர்ந்த எவரும் அந்த நால்வரில் இருக்கக் கூடாது. உறுப்பு வேண்டியவர் கையில் இறப்பை அறிவிக்கும் அதிகாரம் இருக்கக் கூடாது என்ற எளிய நியாயம் இது. 2008-இல் தமிழக அரசு வெளியிட்ட அரசாணைகள் அதை நடைமுறைக்குக் கொண்டுவந்தன. அதே ஆண்டு செப்டம்பரில், மூளைச்சாவடைந்த தம் மகன் ஹிதேந்திரனின் உறுப்புகளைக் கொடுக்கப் பெற்றோர் எடுத்த முடிவு பொதுமக்களின் மனத்தைத் திறந்தது. ஆனால் மனம் திறந்தால் மட்டும் உறுப்பு வந்து சேராது. விபத்து வழக்கென்றால் காவல்துறையின் ஒப்புதல் வேண்டும், பிரேதப் பரிசோதனை வேண்டும், எடுத்த கல்லீரல், குளிர்பெட்டியில் அது தாங்கும் சுமார் 12 மணி நேரத்துக்குள் பெறுபவரைச் சேர வேண்டும். இத்தனை கதவுகளையும் தட்டுபவர் ஒருங்கிணைப்பாளர். 2011 திருத்தம் அவர் இல்லாத மருத்துவமனைக்குப் பதிவு இல்லை என்றே சொல்லிவிட்டது. கொடுப்பவர் பக்கத்தில் சட்டம் இவ்வளவு கவனமாக இருக்கிறது. பெறுபவருக்கு அறுவை வேண்டுமா என்று முடிவெடுக்கும் அறையைப் பற்றி அதே அளவு கறாரான விதிகள் இல்லை.

செலவைச் சொல்வார்கள். இத்தனை பேரை உட்கார வைக்கக் கார்ப்பரேட் மருத்துவமனைகளால்தான் முடியும் என்று. ஆனால் சென்னை அரசு ஸ்டான்லி மருத்துவமனையிலும் கல்லீரல் மாற்று நடந்திருக்கிறது. மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் இந்தத் துறைகள் எல்லாமே அடுத்தடுத்த கட்டடங்களில் இருக்கின்றன. இல்லாதது வாரம் ஒரு மணி நேரம் ஒரே மேசையில் உட்காரும் வழக்கம்தான். உண்மையான செலவு, கூட்டம் கூடாதபோது வருகிறது, அதுவும் அறுவை முடிந்து பல மாதம் கழித்து. ராமநாதபுரத்துக்குத் திரும்பிய ஒருவருக்கு இருமலும் காய்ச்சலும் வருகின்றன; காசநோய் என்று கண்டுபிடித்து, திட்டப்படியே ரிஃபாம்பிசின் தொடங்குகிறார்கள். அந்த மருந்து, நிராகரிப்பைத் தடுக்க அவர் உட்கொள்ளும் டாக்ரோலிமஸின் அளவை ரத்தத்தில் சரசரவென இறக்கிவிடும். சில வாரங்களில் உடல் புதிய கல்லீரலை நிராகரிக்கத் தொடங்கும். இதில் யாரும் தவறு செய்யவில்லை. காசநோய்ப் பிரிவு மருத்துவருக்குச் சென்னையில் யாரை அழைப்பது என்று தெரியவில்லை, அவ்வளவே. ஒவ்வொரு நோயாளியின் மருந்துச் சீட்டிலும் ஒருங்கிணைப்பாளரின் எண் இருந்து, எந்தப் புதிய மருந்தையும் நிறுத்தி வைக்கும்படி சொல்லும் அதிகாரம் அவருக்கு இருந்தால் பாதிப் பிரச்சினை தீரும்.

2014 முதல் இயங்கும் தமிழ்நாடு உறுப்பு மாற்று ஆணையம், காத்திருப்போர் பட்டியலையும் பங்கீட்டையும் ஏற்கெனவே மேற்பார்க்கிறது. ஒவ்வொரு மையத்திடமும் அது இன்னொரு பதிவேட்டைக் கேட்கலாம்: எத்தனை நோயாளிகளைப் பற்றிக் கூடிப் பேசினார்கள், யார் மறுத்தார்கள், மறுப்பு எத்தனை முறை மீறப்பட்டது, மீறிய பின் நோயாளி என்ன ஆனார். ஓராண்டு முழுக்க ஒரு மறுப்புகூடப் பதியாத மையம் இருந்தால் முதலில் அங்கே போய்ப் பார்க்க வேண்டும். இதற்குப் புதிய சட்டம் தேவையில்லை. 2008-இல் நடந்ததுபோல் ஓர் அரசாணை போதும்.