இருவருக்காக உண்பதா?



கோட்டூர்புரத்தில் எங்கள் தெருவில் வளைகாப்பு நடந்தால், வாத்தியார் வீடு என்று எனக்கும் ஒரு தட்டுக் கலந்த சாதம் வந்துவிடும். அதில் குறையொன்றும் இல்லை. ஆனால், “இருவருக்காக உண்ண வேண்டும், அம்மா” என்று ஒன்பது மாதமும் அதே உபசாரம் தொடர்கிறதே, அதுதான் எனக்குக் கவலை தருகிறது.

நெல் குத்தி, நீர் சுமந்து, அரைவயிறு உண்டு வாழ்ந்த பெண்ணுக்கு அச்சொல் மருந்தாக இருந்தது. இன்றைய நிலை வேறு. 2015-16ஆம் ஆண்டின் தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் நூற்றுக்கு 31 பேர் மிகை எடை உடையவர்கள். 2019-21இல் அத்தொகை 40 ஆயிற்று.

இதனால் பிள்ளைக்கு வருவது என்ன? கருவுற்ற காலத்தில் நஞ்சு சுரக்கும் சில இயக்குநீர்கள் தாயின் இன்சுலினைச் செவ்வனே வேலை செய்ய விடா. பருத்த உடலில் அத்தடை முன்னரே உண்டு. இரண்டும் கூடினால் இரத்தத்தில் சர்க்கரை மிகும். அச்சர்க்கரை நஞ்சைக் கடந்து குழந்தையை அடையும். தாயின் இன்சுலினோ கடவாது. எனவே குழந்தையின் சின்னஞ்சிறு கணையமே மிகுதியாக இன்சுலினைச் சுரக்கிறது. எஞ்சிய சர்க்கரை கொழுப்பாகப் படிகிறது. பிறந்து தொப்புள்கொடியை அறுத்ததும் சர்க்கரை வரத்து நிற்கும். இன்சுலின் உடனே நிற்பதில்லை. சில மணி நேரத்தில் குழந்தையின் இரத்தச் சர்க்கரை அபாயமான அளவுக்கு இறங்கக்கூடும். கொழுகொழுவென்று உறவினர் கொஞ்சும் குழந்தையின் குதிகாலில் மருத்துவர் ஊசி குத்திச் சோதிப்பது இதனாலேதான். டென்மார்க் தேசத்து மருத்துவர் பெடர்சன் 1950களிலேயே இதை விளக்கியிருக்கிறார்.

தாய்க்கோ இரத்த அழுத்தம், இரத்தக்குழாயில் உறைகட்டி, அறுவை மகப்பேறு ஆகியவற்றுக்கான வாய்ப்பு கூடுகிறது. பருத்தவர் பலமுள்ளவர் என்று எண்ணிவிடாதீர்கள். பருத்த உடலிலும் இரத்தசோகை இருக்கும்.

எங்கள் பகுதிக்கு அண்மையிலுள்ள சைதாப்பேட்டையையும் சேர்த்து டாக்டர் சேஷையா குழுவினர் செய்த ஆய்வு 2008இல் வெளிவந்தது. கருவுற்றோரில் நீரிழிவு கண்டவர் சென்னை நகரில் நூற்றுக்கு ஏறத்தாழ 18 பேர்; சைதாப்பேட்டையில் 14; திருவள்ளூர்க் கிராமங்களில் 10. கிராமத்திலும் பத்து என்பதைக் கவனியுங்கள்! கருவுற்ற பெண்கள் அனைவரையும் சோதிக்கத் தமிழ்நாடு அரசு 2007இலேயே ஆணையிட்டிருந்தது. சோதனை எளிது: 75 கிராம் குளுக்கோஸ் கரைத்த நீரைப் பருகி, இரண்டு மணி நேரம் கழித்து இரத்தம் கொடுத்தால் போதும். 140 மில்லிகிராமை எட்டினால் சிகிச்சை தேவை.

இதைக் கேட்டுவிட்டு யாரும் அண்ணியைக் கேலி செய்யப் புறப்பட வேண்டா. உடல் பருப்பது சோம்பலால் மட்டும் அன்று. பரம்பரை உண்டு, வாய்ப்பின்மை உண்டு. நடப்பதற்குத் தெருவில் இடம் எங்கே இருக்கிறது? கருவுற்றபின் பட்டினி கிடந்து இளைக்க முயல்வதும் தவறு. பருமனானவருக்கு அக்காலத்தில் 5 முதல் 9 கிலோ வரை எடை கூடினால் போதும் என்று அமெரிக்க வல்லுநர் குழு 2009இல் வரையறுத்தது. சோற்றைச் சற்றுக் குறைத்துப் பருப்பு, கீரை, முட்டை, சுண்டல் ஆகியவற்றைக் கூட்டலாம். மருத்துவர் தடுக்காவிடில் மாலையில் அரைமணி நேரம் நடக்கலாம். துணைக்கு நீங்கள் போகலாம். பிள்ளை பிறந்த ஆறாம் வாரத்தில் தாய்க்கு மறுபடி சர்க்கரைச் சோதனை உண்டு. பிள்ளைக்குத் தடுப்பூசி போடும் ஆரவாரத்தில் பெரும்பாலான வீடுகளில் அதனை மறந்துவிடுகிறார்கள்.