தட்டிப் பார்த்தால் தெரியும்

செல்போன் போர்டில் பெரிய சிப்புகளுக்குக் கால் கிடையாது. அடியில் கடுகைவிடச் சின்னச் சின்ன சால்டர் உருண்டைகள்தான். போன் கீழே விழுந்து அதில் ஒன்று விட்டுப்போனாலும் கோளாறுதான்.

அப்படிப்பட்ட சிப்பைக் கழற்றும் வேலை பழகுகிறவர்கள் உதவாத போர்டில்தான் ஆரம்பிக்க வேண்டும். பிளக்ஸ் தடவி, ஹாட் ஏர் கன்னால் சூடு காட்ட வேண்டும். ஈயமில்லாத சால்டர் உருகப் பெரும்பாலும் 217 டிகிரி செல்சியஸாவது வேண்டும்.

உருகியது எப்படித் தெரியும்? ட்வீசரால் சிப்பை லேசாகத் தட்டுவார்கள். நகர்ந்த சிப் தானே பழைய இடத்துக்கு வந்தால் உருகிவிட்டது. பரப்பு இழுவிசை செய்கிற வேலை அது. அவசரப்பட்டுத் தூக்கினால் போர்டின் செப்புத் திட்டுகளும் பெயர்ந்துவிடும்.

"அண்ணே, தொழில் எப்ப பிடிபடும்?" என்று மெக்கானிக்கிடம் கேட்டான் வேலை பழகும் ஒரு பையன்.

"எப்ப தூக்கணும்னு தெரிஞ்சா பாதி. எதைத் தூக்கவே வேண்டாம்னு தெரிஞ்சா மீதி!"